நகராத மின்விசை இருக்கை: வீட்டிலேயே பழுது காணும் முறை

மோட்டார் காரில் ஓட்டுநரின் இருக்கை, உட்காருவதற்கான ஓர் ஆசனம் மட்டுமன்று. அது பாதுகாப்புச் சாதனமுமாகும். இருக்கை சரியான தூரத்தில் இருந்தால்தான் ஓட்டுநரின் கால் பிரேக்கை அடிவரை அழுத்த முடியும். கை ஸ்டீரிங் சக்கரத்தைத் தளர்வின்றித் திருப்ப முடியும். அதே சமயம், ஸ்டீரிங்கின் நடுப்பகுதிக்கும் ஓட்டுநரின் மார்புக்கும் இடையே ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் இடைவெளி இருத்தல் நலம் என்று பாதுகாப்புத் துறையினர் கூறுவர். விபத்து நேரத்தில் காற்றுப்பை பெரும் வேகத்துடன் விரிவதே இதற்குக் காரணம்.

இந்த இருக்கையை நெம்புகோலுக்குப் பதிலாக மின்சாரத்தால் நகர்த்தும் முறை அமெரிக்காவில் 1940-களிலும் 1950-களிலும் பரவியது. 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்க்குரி டர்ன்பைக் குரூசர், காடிலாக் எல்டொராடோ புரூஅம் ஆகிய கார்களில், ஓட்டுநர் விரும்பிய நிலையை நினைவில் வைத்து இருக்கையைத் தானே அங்கு கொண்டு செல்லும் அமைப்பும் இருந்தது. இன்று நம் நாட்டிலும் பல கார்களில் மின்விசை இருக்கை உண்டு. பழைய கார்களாகக் கைமாறி, அவை சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. ஆகவே அதன் இயக்கத்தையும், அது நின்றுவிட்டால் செய்ய வேண்டியவற்றையும் அறிந்துகொள்வது களப்பணியாளர்களுக்குப் பயன்படும். மின்னியல் பாடத்திற்கு உயிருள்ள எடுத்துக்காட்டைத் தேடும் ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

ஒரு நிகழ்ச்சி

கர்நாடகத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ளது சாமராஜநகர். மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரான இவ்வூரிலிருந்து ஆசனூர், திம்பம் வழியாகச் சத்தியமங்கலத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையில் 27 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. இவ்வழியே அடிக்கடி செல்லும் பள்ளி ஆசிரியை ஒருவர், பிறர் பயன்படுத்திய கார் ஒன்றை வாங்கியிருந்தார். ஒரு நாள் உயரமான அவருடைய தம்பி காரை ஓட்டினார். இருக்கையைப் பின்கோடிவரை தள்ளி வைத்தார். மறுநாள் காலையில் ஆசிரியை ஸ்விட்சை அழுத்தியபோது இருக்கை அசையவில்லை. கீழிருந்து மெல்லிய முனகல் மட்டும் கேட்டது.

முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு மலையிறங்கிவிடலாம் என்று வீட்டில் ஒருவர் யோசனை கூறினார். இது மிகவும் ஆபத்தான யோசனை. பிரேக்கை ஓங்கி அழுத்தும்போது கால் தரும் விசைக்கு எதிராக முதுகு உறுதியான ஒன்றில் ஊன்றி நிற்க வேண்டும். தலையணை அமுங்கும், நழுவும். பாதமோ பிரேக்கின் பாதி தூரத்தில் நின்றுவிடும். பிரேக்கை அடிவரை அழுத்த இயலாத நிலையில் காரை வீட்டு வாயிலைக்கூடத் தாண்டச் செய்யலாகாது. பழுது பார்க்கும் பட்டறை ஒன்றிலோ, “மோட்டாரும் தண்டவாளமும் முழுவதுமாக மாற்றப்பட வேண்டும்” என்று கூறிவிட்டனர். உண்மையில் பழுது எங்கே இருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இருக்கை நகரும் விதம்

இருக்கையின் அடியில் இரண்டு எஃகுத் தண்டவாளங்கள் காரின் தரையுடன் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டுள்ளன. அவற்றின்மீது இருக்கையின் சட்டம் வழுக்கிச் செல்கிறது. ஒவ்வொரு தண்டவாளத்திலும் ஒரு நீண்ட திருகு உண்டு. நடுவிலுள்ள ஒரு சிறு மோட்டார், வளையக்கூடிய தண்டுகளின் மூலம் இரு திருகுகளையும் ஒரே சமயத்தில் சுழற்றுகிறது. திருகு சுழலும்போது அதைப் பற்றியுள்ள மறை முன்னும் பின்னும் நகர்கிறது. அதனுடன் இருக்கையும் நகர்கிறது.

மோட்டாரின் வேகம் மிகுதி, விசை குறைவு. இதனைப் புழுத்திருகும் பல்சக்கரமும் மாற்றியமைக்கின்றன. கணக்கிற்காக ஓர் எடுத்துக்காட்டு: மோட்டார் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழல்வதாகவும், பல்சக்கரம் அதனைப் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பதாகவும் கொள்வோம். திருகு நிமிடத்திற்கு 300 சுற்றுகள், அதாவது விநாடிக்கு 5 சுற்றுகள் சுழலும். திருகின் புரியிடைத் தூரம் 4 மில்லிமீட்டர் எனில், இருக்கை விநாடிக்கு 20 மில்லிமீட்டர் நகரும். 24 சென்டிமீட்டர் செல்ல 12 விநாடிகள் ஆகும். வேகத்தை இழந்து விசையைப் பெறுகிறோம்.

இவ்வமைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. திருகு மறையை நகர்த்தும்; ஆனால் மறையைத் தள்ளித் திருகைச் சுழற்ற முடியாது. ஆதலால் மின்சாரம் இல்லாதபோது இருக்கை தானாக நழுவுவதில்லை. நகராத மின் இருக்கையைக் கையால் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லாமல் போவதற்கும் இதுவே காரணம். ஓங்கி உதைத்தால் உடைவது திருகின் மறையே.

மோட்டார் இருதிசையிலும் சுழல்வது எவ்வாறு? அது நிலைக்காந்தம் கொண்ட நேர்மின்னோட்ட மோட்டார். கம்பியில் மின்னோட்டத்தின் திசை மாறினால் சுழலும் திசையும் மாறும். ஸ்விட்சைத் தொடாத நிலையில் மோட்டாரின் இரு முனைகளும் பாட்டரியின் எதிர்முனையுடன் இணைந்திருக்கும். முன்பக்கம் அழுத்தினால் ஒரு முனை மட்டும் நேர்முனைக்கு மாறும்; பின்பக்கம் அழுத்தினால் மற்றது மாறும். பிளெமிங்கின் இடக்கை விதியைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனையே எடுத்துக்காட்டலாம்.

ஒலியைக் கொண்டு நோயறிதல்

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் காதைப் பயன்படுத்த வேண்டும். ஸ்விட்சை அழுத்தும்போது கேட்கும் ஒலி பழுதின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் உணர்த்திவிடும்.

1. ஒலியே இல்லை: மின்சாரம் வந்து சேரவில்லை. உருகி, ஸ்விட்சு, இணைப்பு, கம்பி ஆகியவற்றை ஆராய்க. இருக்கை மற்றத் திசைகளில் மட்டும் இயங்கினால் உருகி நன்றாகவே உள்ளது. அந்த ஒரு ஸ்விட்சையோ அதன் மோட்டாரையோ ஐயுறுக.

2. முனகல் கேட்கிறது, நகர்ச்சி இல்லை: ஒன்று தண்டவாளத்தில் தடை இருக்கிறது, அல்லது மோட்டாருக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்கவில்லை.

3. மோட்டார் விரைந்து சுழலும் ஒலி கேட்கிறது, நகர்ச்சி இல்லை: தண்டு கழன்றிருக்கிறது, அல்லது பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது.

4. இருக்கை கோணலாக இழுத்துக்கொண்டு நிற்கிறது: ஒரு பக்கத்துத் தண்டு மட்டும் கழன்று, ஒரு திருகு சுழல மற்றது நிற்கிறது.

5. சிறிது ஓடி நின்று, சில நிமிடங்களுக்குப் பின் மீண்டும் ஓடுகிறது: மோட்டார் சூடேறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு அமைப்பு வேலை செய்கிறது. மோட்டார் வருந்துவதற்குரிய காரணத்தைத் தேட வேண்டும்.

தொடக்கச் சோதனைகள்

முதலில் கைவிளக்கைக் கொண்டு இருக்கையின் அடியை நன்கு பார்க்க வேண்டும். தண்ணீர்ப்புட்டி, நாணயம், குழந்தையின் விளையாட்டுப் பொருள், எழுதுகோல் முதலியன தண்டவாளத்தில் சிக்கிக்கொள்வது சாதாரண நிகழ்ச்சி. கிடைத்த பொருளை வெளியே எடுத்துவிடுக. உருண்டோடும் புட்டி பிரேக்கின் அடியில் புகுந்தால் உயிருக்கே கேடாகும். வெளியில் நிறுத்தப்படும் கார்களில் எலி கம்பிகளைக் கடித்திருப்பதும் உண்டு.

அடுத்தது உருகி. அது எந்தப் பெட்டியில், எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பது காரின் கையேட்டில் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள உருகியையே இட வேண்டும். பெரிய அளவு உருகியையோ, செப்புக்கம்பியையோ, காகிதத்தாளின் வெள்ளியையோ வைப்பவர் உருகியைக் காப்பாற்றிக் காரை எரிக்கிறார். புதிய உருகியும் உடனே எரிந்தால், கம்பி எங்கோ உரசுகிறது என்று பொருள். மேலும் உருகிகளை வீணாக்கக் கூடாது.

மூன்றாவதாக, ஒருவர் ஸ்விட்சை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் இருக்கையை இலேசாக முன்பின் ஆட்டிப் பார்க்கலாம். இவ்வாறு செய்கையில் இருக்கை ஓரிரு முறை நகர்ந்தால், இணைப்புத் தளர்ந்திருக்கிறது அல்லது மோட்டாரின் கரித்தூரிகை தேய்ந்திருக்கிறது என ஊகிக்கலாம்.

காற்றுப்பை பற்றிய எச்சரிக்கை

பல கார்களில் இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பையும், வாரை விபத்தின்போது இறுக்கும் சாதனமும் உள்ளன. இவை சிறு வெடிமருந்தால் இயங்குபவை. இவற்றின் இணைப்புகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றை அளவுகருவியால் சோதிப்பதும், அவற்றிற்கு மின்சாரம் கொடுப்பதும் கூடவே கூடாது. எந்த இணைப்பைக் கழற்றுவதாயினும் முதலில் காரை நிறுத்திச் சாவியை எடுத்து, பாட்டரியின் எதிர்முனையை நீக்கி, கையேடு கூறும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். காற்றுப்பையின் கம்பியும் மோட்டாரின் கம்பியும் ஒரே இணைப்பில் சேர்ந்திருந்தால், வேலையை அங்கேயே நிறுத்தி, பயிற்சி பெற்ற பட்டறைக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை.

மின்னழுத்தச் சோதனை

ஆசிரியையின் காருக்குத் திரும்புவோம். அடியில் தடை ஏதும் இல்லை. உருகியும் நன்றாக இருந்தது. மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவைத்து, ஸ்விட்சை அழுத்தி, அங்கு வரும் மின்னழுத்தத்தை அளந்தபோது கருவி 12 வோல்ட்டு காட்டியது. “மின்சாரம் சரியாக வருகிறது, ஆகவே மோட்டார்தான் கெட்டது” என்று பட்டறையினர் முடிவு செய்தது இதனால்தான். ஆனால் மோட்டாரை மீண்டும் இணைத்து, ஸ்விட்சை ஒரு கணம் அழுத்தி அதே இடத்தில் அளந்தபோது 5 வோல்ட்டுதான் இருந்தது!

எஞ்சிய 7 வோல்ட்டு எங்கே சென்றது? ஓம் விதி விடை தருகிறது. சுழலாமல் நிற்கும் மோட்டாரின் மின்தடை 0.5 ஓம் எனவும், வழியிலுள்ள ஒரு கெட்ட இணைப்பின் தடை 0.7 ஓம் எனவும் கொள்வோம். மொத்தத் தடை 1.2 ஓம். 12 வோல்ட்டை 1.2-ஆல் வகுத்தால் மின்னோட்டம் 10 ஆம்பியர். கெட்ட இணைப்பில் இழப்பு 10 × 0.7, அதாவது 7 வோல்ட்டு. மோட்டாருக்கு எஞ்சுவது 5 வோல்ட்டு. மோட்டாரைக் கழற்றியபோதோ மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை. எனவே கருவி முழு 12 வோல்ட்டையும் காட்டியது. சுமையின்றி அளந்த மின்னழுத்தத்தை நம்பலாகாது என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

அந்தக் கெட்ட இணைப்பு இருக்கையின் அடியிலேயே இருந்தது. காற்றுப்பையுடன் தொடர்பில்லாத தனி இணைப்பு அது. மழைக்காலத்தில் நனைந்த குடையை இருக்கைக்கு அடியில் செருகி வைப்பது ஆசிரியையின் வழக்கம். சொட்டிய நீர் தரைவிரிப்பில் ஊறி, இணைப்பின் முனைகளில் பச்சைநிறக் களிம்பு படியச் செய்திருந்தது. பாட்டரியை நீக்கிக் காத்திருந்தபின், மின்முனைகளைத் துப்புரவு செய்வதற்கென்றே விற்கும் தெளிப்புத் திரவத்தாலும் மென்மையான தூரிகையாலும் களிம்பு அகற்றப்பட்டது. முனைகள் நன்கு உலரவிடப்பட்டன. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ இதற்கு ஆகாது. பாட்டரியை மீண்டும் இணைத்து ஸ்விட்சை அழுத்தியதும் இருக்கை முன்னே வந்தது.

எந்திரப் பழுதுகள்

மின்சாரம் சரியாக இருந்தும் இருக்கை நகராவிடில், தண்டவாளத்தில் புழுதியும் பழைய கிரீசும் சேர்ந்து கட்டியிருக்கலாம். மண்சாலைகளில் ஓடும் கார்களில் இது மிகுதி. பழைய கிரீசைத் துணியால் துடைத்தெடுத்து, லித்தியம் கிரீசை மெல்லிய பூச்சாக இட்டு, இருக்கையை இருகோடிக்கும் பலமுறை ஓட்ட வேண்டும். கிரீஸ் ஸ்விட்சின்மீதோ இணைப்பின்மீதோ படலாகாது.

தண்டு கழன்றிருந்தால் அதனை மீண்டும் பொருத்துமுன் இரு பக்கங்களும் ஒரே அளவில் உள்ளனவா என்று அளந்து பார்க்க வேண்டும். அளவு மாறினால் இருக்கை மறுபடியும் கோணலாகி இறுகும்.

இருக்கையை வெளியே எடுக்க நேர்ந்தால் ஒரு சிக்கல் எழும். முன் போல்ட்டுகளைக் கழற்ற இருக்கை பின்னே செல்ல வேண்டும். பின் போல்ட்டுகளைக் கழற்ற முன்னே வர வேண்டும். நகராத இருக்கையோ இரண்டினை மறைத்துக்கொள்ளும். அப்போது மோட்டாரிலிருந்து தண்டுகளைக் கழற்றி, இரு திருகுகளையும் சம எண்ணிக்கையில் கையால் சுழற்றி இருக்கையை நகர்த்தலாம். திரும்பப் பொருத்தும்போது போல்ட்டுகளைக் கையேட்டில் கண்ட இறுக்க அளவுக்கு முறுக்க வேண்டும். மோதலின்போது ஓட்டுநரின் எடையைத் தாங்குபவை இந்த நான்கு போல்ட்டுகளே. அதற்குரிய கருவி இல்லாதவர் இருக்கையைக் கழற்றத் தொடங்கவே கூடாது.

முடிவுரை

பழுதைத் தேடுவதில் எளியதிலிருந்து அரியதற்குச் செல்ல வேண்டும்: கண், காது, உருகி, இணைப்பு, மோட்டார் என்னும் வரிசையை மறவாதிருப்போம். வேலை முடிந்ததும், நிறுத்திய காரிலேயே இருக்கையை இருகோடிக்கும் ஓட்டி, பிரேக்கை அடிவரை அழுத்திப் பார்த்து, காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு அணைந்திருப்பதை உறுதி செய்த பின்னரே சாலைக்குச் செல்க. அந்த ஆசிரியை இப்போது நனைந்த குடையைக் காரின் பின்பெட்டியில் வைக்கிறார்; களிம்பேறிய இணைப்பின் கணக்கைத் தம் மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறார்.

மாணவர்களுக்குரிய வினாக்கள்

1. மேற்கூறிய கணக்கில் கெட்ட இணைப்பின் தடை 0.1 ஓமாகக் குறைந்தால், நிற்கும் மோட்டாருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் என்ன?

2. மின்சாரம் நின்றாலும் இருக்கை தானாக நழுவாதிருப்பது ஏன்?

3. மோட்டாரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிப் பொருத்தினால் ஸ்விட்சின் பயன் எவ்வாறு மாறும்?