பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டை அடையாளம் காண்பது எப்படி?



நமது கடைகளில் புதிய கம்ப்யூட்டர்கள் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் மளிகைக் கடை, எண்ணெய்க் கடை, பருப்பு மொத்த வியாபாரம் என்று பல இடங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. டாஸ் காலத்துப் பில் புரோகிராம், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பின்புறம் செருகியுள்ள 'லாக்' ஆகியவை அதை நம்பித்தான் இருக்கின்றன. அந்த லாக் இல்லாமல் புரோகிராம் திறக்காது. லாக்கைச் செருகும் அகலமான பிரிண்டர் வாய் இன்றைய புதிய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் கிடையாது.

இப்படிப்பட்ட பெட்டி ஒரு நாள் நின்றுவிட்டால், "மதர்போர்டு போய்விட்டது, இந்த மாடல் இனிமேல் கிடைக்காது, புது செட் வாங்கிவிடுங்கள்" என்பார்கள். நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர் அதை நம்பிப் புதியது வாங்கினார். பழைய பெட்டி காயலான் கடைக்குப் போயிற்று. எட்டு வருடப் பற்றுக் கணக்கும் அதனுடன் போயிற்று. யார் எவ்வளவு பாக்கி என்பதை வாடிக்கையாளர் சொன்னால்தான் உண்டு என்ற நிலை. அந்த போர்டு இன்னதென்று தெரிந்திருந்தால், அதே வகைப் பழைய போர்டு ஒன்றைத் தேடிப் பார்த்திருக்கலாம்.

மூட்டையில் உள்ள மார்க்கைப் பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. மதர்போர்டுக்கும் மார்க் உண்டு. அதைப் படிக்கும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, நல்ல வெளிச்சத்தில் பார்க்கவும். கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டால் பெரிதாக்கிப் படிக்கலாம்.

2. எங்கே பார்ப்பது, எதை நம்புவது

பெட்டியின் முகப்பில் உள்ள பெயர் பெட்டி செய்தவருடையது. அதை வைத்து போர்டைத் தீர்மானிக்க முடியாது. போர்டின் பெயர் பெரும்பாலும் வெள்ளை எழுத்தில், கார்டுகள் செருகும் நீளமான ஸ்லாட்டுகளின் நடுவிலோ ராம் பக்கத்திலோ அச்சிடப்பட்டிருக்கும். ஆசுஸ் போர்டில் 'பி4பி800' என்பது போல் இருக்கும். ஜிகாபைட் பழைய போர்டுகளில் 'ஜி.ஏ.' என்று தொடங்கும். எம்.எஸ்.ஐ. போர்டில் 'எம்.எஸ்.' என்று தொடங்கி நான்கு இலக்க எண் வரும். இன்டெல் நிறுவனமே செய்த போர்டில் 'ஏ.ஏ.' என்று தொடங்கும் எண் ஒரு சிறிய ஸ்டிக்கரில் இருக்கும்.

பெயரை அடுத்து 'ரெவ்' என்று போட்டு 1.0, 2.0 என ஓர் எண் இருக்கும். அதையும் குறிக்க வேண்டும். ஒரே பெயரில் வந்த போர்டுகள் ரெவ் எண் மாறும்போது உள்ளேயும் மாறியிருக்கலாம்.

நம்மை ஏமாற்றும் எழுத்துகளும் உண்டு. '94வி-0' என்பது பலகை எளிதில் தீப்பற்றாது என்பதற்கான தரக் குறியீடு. எத்தனையோ கம்பெனி போர்டுகளில் இதே எழுத்து இருக்கும். ஆங்கில 'இ' எழுத்தில் தொடங்கும் நீண்ட எண் வெறும் பலகையைச் செய்து கொடுத்த தொழிற்சாலையைக் குறிப்பது. எம்.எஸ்.ஐ. போர்டுகளில் காணும் 'என்1996' என்பதும் மாடல் எண் ஆகாது. இவற்றைக் கொண்டு கடை கடையாக விசாரித்தால் கால் வலிதான் மிச்சம்.

பெரிய சிப்பின் மேல் உள்ள 'இன்டெல் 845' போன்ற எழுத்தும் போர்டின் பெயர் அல்ல. அது சிப்செட்டின் பெயர். ஒரே சிப்செட்டில் பல கம்பெனிகள் போர்டு செய்தன. 2001-இல் வந்த 845 சிப்செட் போர்டுகள் முதலில் எஸ்.டி.ராம் வகைக்கு இருந்தன. பிறகு டி.டி.ஆர். வகைக்கும் வந்தன. '845 போர்டு' என்று மட்டும் சொல்லி வாங்கினால் கையில் உள்ள ராம் பொருந்தாமல் போகலாம்.

3. பெயர் அழிந்திருந்தால்

அப்போது உறுப்புகளைக் கொண்டு காலத்தைக் கணிக்க வேண்டும்.

பிராசஸர் இடம்: செங்குத்தாக நிற்கும் நீண்ட ஸ்லாட் என்றால் 1997-இல் வந்த பென்டியம் 2 வகையாக இருக்கலாம். 370 துளை சாக்கெட் என்றால் செலரான், பென்டியம் 3. 478 துளை என்றால் பென்டியம் 4. சாக்கெட்டினுள் மெல்லிய கம்பிகள் நிமிர்ந்து நின்றால் 2004-இல் வந்த 775 வகையோ அதற்குப் பிந்தியதோ ஆகும். அந்தக் கம்பிகளில் விரல் படக் கூடாது. சாக்கெட் எண் பெரும்பாலும் அதன் மேலேயே இருக்கும்.

ஸ்லாட்டுகள்: நீளமான கறுப்பு ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் இருந்தால் போர்டு மிகப் பழையது. குட்டையான வெள்ளை ஸ்லாட் பி.சி.ஐ. பழுப்பு நிறத்தில் சற்று உள்ளே தள்ளி இருப்பது படக் கார்டுக்கான ஏ.ஜி.பி.

ராம்: எஸ்.டி.ராம் 168 முனை, இரண்டு வெட்டு. டி.டி.ஆர். 184 முனை, ஒரே வெட்டு. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டும் 240 முனைதான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதை அழுத்திச் செருகக் கூடாது.

மின் இணைப்பு: இரண்டு ஆறு முனை பிளக்குகள் அருகருகே இருந்தால் பழைய ஏ.டி. வகை. அதைத் திரும்ப மாட்டும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றையொன்று அடுத்து வர வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு கெட்டுவிடும். 20 அல்லது 24 முனை ஒரே பிளக் என்றால் ஏ.டி.எக்ஸ். வகை.

4. பெட்டி ஓடினால்

திரை வருகிறதென்றால் வேலை சுலபம். சுவிட்சைப் போட்டதும் எழுத்து வரும்போது கீபோர்டில் 'பாஸ்' பொத்தானை அழுத்தினால் திரை நிற்கும். அவார்டு பயாஸ் உள்ள பழைய போர்டில் அடி வரியில் தேதி, சிப்செட், ஒரு குறியீடு ஆகியவை வரும். குறியீட்டின் முதல் ஐந்து எழுத்து சிப்செட்டையும், அடுத்த இரண்டு எழுத்து போர்டு செய்த கம்பெனியையும் சொல்லும். 'ஏ0' என்றால் ஆசுஸ், 'ஜி0' என்றால் ஜிகாபைட். வரி முழுவதையும் எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டர் என்றால், சி.பி.யு.-இசட் என்ற இலவசப் புரோகிராமில் 'மெயின்போர்டு' என்ற பக்கம் கம்பெனியையும் மாடலையும் காட்டிவிடும்.

5. போர்டு உண்மையில் போய்விட்டதா?

ஒவ்வொரு நாளும் பில்லில் தேதி பின்னுக்குப் போகிறதா? 'சிமாஸ் செக்சம்' என்று திரையில் வருகிறதா? பெரும்பாலும் போர்டில் உள்ள 3 வோல்ட் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். சி.ஆர்.2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். சிறிய செலவுதான். சுவிட்சைப் போட்டும் அசைவே இல்லை என்றால், முதலில் வேறு எஸ்.எம்.பி.எஸ். மாட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிராசஸர் பக்கத்தில் நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால், அவற்றை மட்டும் மாற்றிப் பற்றவைக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த போர்டுகள் பலவற்றில் இந்தக் கோளாறு ஏற்பட்டது.

6. பெயர் தெரிந்த பிறகு

பெயரும் ரெவ் எண்ணும் கையில் இருந்தால் சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் பழைய சாமான் கடைகளிலும் நேராகக் கேட்கலாம். இன்டெல் நிறுவனம் டெஸ்க்டாப் மதர்போர்டு தொழிலை விடுவதாக 2013-இல் அறிவித்தது. பழைய போர்டுகளுக்கான புரோகிராம்கள் பலவற்றை 2019-இல் தன் இணையதளத்திலிருந்து எடுத்தும்விட்டது. ஆனாலும் 'தி ரெட்ரோ வெப்' என்ற இணையதளத்தில் பழைய போர்டுகளின் படங்களும் விவரங்களும் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன. பெயர் தெரியாதவர்கள் படத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

போர்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஹார்ட் டிஸ்க்கைத் தனியே கழற்றி வாங்கிப் பத்திரப்படுத்துவது முதல் வேலை. கணக்கு இருப்பது டிஸ்க்கில்தான். 40 முனைத் தட்டை ஒயர் டிஸ்க் என்றாலும் யு.எஸ்.பி. மாற்றி ஒன்றைக் கொண்டு வேறு கம்ப்யூட்டரில் நகல் எடுக்கலாம். லாக்கையும் தவறாமல் திரும்ப வாங்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முந்திய வாட் கணக்கு எவருக்கேனும் மேல்முறையீட்டில் நின்றால், அந்த டிஸ்க் எவ்வளவு முக்கியம் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, பெட்டி நல்லபடியாக ஓடும்போதே இதைச் செய்துவிடுவோம். போர்டு கம்பெனி, மாடல், ரெவ் எண், சாக்கெட், ராம் வகை, டிஸ்க் வகை, பயாஸ் அடி வரி ஆகிய ஏழு விவரங்களையும் ஒரு சீட்டில் எழுதி, ஒரு பிரதியைப் பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டி, மற்றொன்றைப் பேரேட்டில் வைக்க வேண்டும். கடை விடுமுறை நாளில் ஒரு மணி நேர வேலைதான். பிறகு மெக்கானிக் வந்து எதைச் சொன்னாலும், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பேரம் பேசலாம்.