பரீட்சை மீதி காட்டாத வழு

கணக்கியல் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் ஒன்றுண்டு. பரீட்சை மீதியின் இரு பக்கங்களும் ஒத்து நிற்பதனால் மாத்திரம் ஏடுகள் பிழையற்றவை என்று துணிதல் கூடாது. ஒரு கொடுக்கல் வாங்கல் முற்றாகப் பதியப்படாது போயின், அது வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. மீதிகளோ ஒத்தே நிற்கும். இதனை விடுபட்ட வழு என்பர்.

கணக்காளராய்த் தொழில் புரியும் தாய் தந்தையரின் இல்லத்திலும் இத்தகைய வழு நேர்தல் உண்டு. வேதனம் வருகின்றது, பள்ளிச் செலவு செலுத்தப்படுகின்றது, வீட்டுக் கடன் தீர்கின்றது. பிள்ளையோடு கழிக்க வேண்டிய பொழுது மட்டும் எவ்வேட்டிலும் ஏறவில்லை. கணக்கில் விடுபட்டதைப் பின்னொரு நாள் நாளேட்டிற் பதிந்து திருத்தலாம். பிள்ளையின் ஆறாம் வயதில் விடுபட்டதைப் பதினாறாம் வயதிற் பதிதல் இயலாது.

1959-ஆம் ஆண்டின் 23-ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அமைந்த காலந்தொட்டு எம்மவர் பலர் இத்துறையை நாடியுள்ளனர். அதன் சுமையை நாம் அறிவோம். பல கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகின்றது. இரு வாரத்திற் சித்திரைப் புத்தாண்டு பிறக்கின்றது. வருமான வரி விபரத்திரட்டுக்குச் சட்டம் விதித்த இறுதி நாள் நவம்பர் 30. ஏடு தொடக்கும் விசயதசமியும் தீபாவளியும் அதற்கு முன்னான நெருக்கடி நாட்களிலேயே வருகின்றன. வங்கிக் கணக்குகள் திசெம்பர் 31இல் முடிவதால், அங்கே பணிபுரிவோருக்குத் தைப்பொங்கலும் வேலையின் நடுவே வருவதாகும்.

ஆயினும் இத்தொழிலுக்கு ஒரு நன்மையுண்டு. நோயாளி எப்பொழுது வருவான் என்பதை மருத்துவர் அறியார். கணக்காளரோ தம் நெருக்கடி நாட்களை முன்னரே அறிவர். ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் வேலைத்திட்டம் வகுக்கும்பொழுதே பள்ளி விழா, பெற்றோர் கூட்டம், பிறந்தநாள் ஆகியவற்றை முதற்கண் குறித்துவைத்தல் வேண்டும். நவம்பரில் வேண்டும் விடுமுறையை யூனிலேயே கேட்டுவைத்தல் நன்று.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் தாய்க்கு 84 நாள் மகப்பேற்று விடுமுறை அளிக்கின்றது. அது முடிந்த மறுநாளும் குழந்தை கைக்குழந்தையே. எனவே கணக்காய்வுக் காலத்து வீட்டு வேலைகளைக் கணவனும் மனைவியும் முன்னதாகவே எழுதிப் பங்கிட்டுக் கொள்ளல் வேண்டும். தந்தை செய்வதை உதவி என்னாது, அவருடைய பங்கு என்றே கொள்வோமாக.

வேலை மிகுந்த வாரத்திலும் நாளுக்கு அரைமணி நேரமேனும் கைத்தொலைபேசியை அப்பால் வைத்துப் பிள்ளையின் பேச்சைக் கேட்டல் கூடும். களைத்த கண்ணுக்குப் பிழை எளிதில் தோன்றாது. ஆதலின் காலத்தோடு வீடு திரும்புதல் தொழிலுக்கும் நன்மையே.

இளங் கணக்காளர்க்கு நாம் கூறும் பயிற்சி எளியது. பிள்ளை உறங்கிய பின் வீடு திரும்பிய இரவுகளை மாதந்தோறும் எண்ணி ஒரு சிறு ஏட்டிற் குறித்து வாருங்கள். தொகை ஏறுமாயின், அடுத்த மாதத்து வேலைத்திட்டத்தை அன்றே திருத்துங்கள்.