எடையும் வடிவும்: ஒரு காண்டசா கார் கற்பித்த பாடம்



மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்துச் சென்றார். அதனை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் அது இயந்திர நூலுக்கும் உரிய உண்மை என்பதை நான் உணர்ந்தது தேர்வு மண்டபத்தில் அன்று. எங்கள் ஊராகிய வெள்ளறடையில், குரிசுமலைப் பக்கத்துச் சரிவு ஒன்றிலேயே உணர்ந்தேன். அதனை ஈண்டு ஒரு பாடமாக வகுத்துத் தருகின்றேன்.

வெள்ளறடை நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கெல்லையில் அமைந்த மலையடி ஊர். 1956 நவம்பர் முதல் நாள் எல்லை வகுத்தபோது விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டில் ஒரு கடை இந்த மாநிலம் என்றால் எதிர்க்கடை அந்த மாநிலம். எங்கும் ரப்பர்த் தோட்டம்; எங்கும் ஏற்றமும் இறக்கமும். சமவெளியில் ஓடும் கார் தன் குறையை மறைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் ஓடும் கார் மறைக்க முடியாது.

காரும் அதன் குலமும்

என் மாமாவிடம் ஒரு பழைய காண்டசா உண்டு. அமெரிக்கர் ‘மசில் கார்’ என்று ஒரு வகையைச் சொல்வர். புஜபலக் கார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நடுத்தர அளவுள்ள உடலில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்துவதே அதன் இலக்கணம். 1964ஆம் ஆண்டில் பாண்டியாக் ஜி.டி.ஓ. என்ற கார் இவ்வாறு வந்து புகழ் பெற்றது. நம் நாட்டில் அந்தப் பெயரைத் தோற்றத்தால் பெற்றது காண்டசா. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரின் உடலைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984 முதல் 2002 வரை இதனைச் செய்தது. நீண்ட முகம், அகன்ற தோள். ஆனால் முதலில் வந்த வண்டிகளில் இருந்ததோ அம்பாசிடரின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சின். வலிமை ஏறத்தாழ 50 குதிரைத்திறன். யானையின் உடலில் கன்றுக்குட்டியின் கால்! பின்னர் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது; வலிமை ஏறத்தாழ 85 குதிரைத்திறனாக உயர்ந்தது.

காரின் வலிமையை எஞ்சினைக் கொண்டு மட்டும் அளத்தல் தவறு. வலிமையை எடையால் வகுத்தல் வேண்டும். கணக்குக்காக ஒரு காரின் எடை 1,200 கிலோ என்று கொள்வோம். 50 குதிரைத்திறன் எஞ்சினானால் டன்னுக்கு ஏறத்தாழ 42. 85 ஆனால் டன்னுக்கு 71. அதே 50 குதிரைத்திறன் காரில் 210 கிலோவைக் கூட்டினால் டன்னுக்கு 35 ஆகத் தாழும். எஞ்சினை யாரும் தொடவில்லை, வலிமை குறைந்துவிட்டது! இந்த 210 என்னும் எண்ணை நான் ஏன் எடுத்தேன் என்பது பின்னர் விளங்கும்.

சரிவில் நேர்ந்தது

மாமா அந்தக் காரைப் பிள்ளைபோல் வளர்த்தார். பிள்ளைக்கு நகை பூட்டுவதுபோல் ஆண்டுதோறும் ஏதேனும் பூட்டினார். பெட்ரோல் விலை ஏறவே டீசல் எஞ்சின் மாற்றப்பட்டது. முன்னும் பின்னும் இரும்புக் குழாயால் பம்பர். கூரைமேல் கேரியர். டிக்கியில் பலகைப் பெட்டிக்குள் இரண்டு பெரிய ஸ்பீக்கர். தளம் துருப்பிடித்த இடங்களில் பழைய தகட்டை வெட்டாமல் அதன்மேலேயே புதிய தகடு வெல்டிங் செய்யப்பட்டது, அதன்மேல் தார்.

ஒரு நாள் மலைப்பக்கத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மாமா, மாமி, மாமா மகன், நான். பாதிச் சரிவில் கருகிய மணம் வந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். மிதி கீழே சென்றது, வேகம் குறையவில்லை. “மக்களே, வண்டி நிக்கல்ல” என்றார். அந்தக் குரலை நான் இன்றும் மறக்கவில்லை. கியரைக் குறைத்து, இடப்புறத்துச் செம்மண் திட்டில் காரை உரசவிட்டு நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. மாமி மட்டும் அன்று மாலைவரை ஒன்றும் பேசவில்லை.

பிரேக் பழுதென்றே எல்லோரும் சொன்னார்கள். பட்டறையில் கழற்றிப் பார்த்தபோது கசிவு இல்லை, முறிவு இல்லை; சூட்டில் லைனிங் பளபளத்திருந்தது, அவ்வளவே. காரணம் வேறெங்கோ இருந்தது.

எடைமேடையில் கண்டது

மரம் ஏற்றும் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குக் காரைக் கொண்டுசென்றோம். டேங்கில் எண்ணெய் அடிமட்டம். உள்ளே ஆள் இல்லை. ஸ்டெப்னியும் ஜாக்கியும் மட்டும். பதிவுப் புத்தகத்தில் குறித்த வெற்று எடையைவிட 210 கிலோ மிகுதி! மூன்று பெரியவர்கள் இறங்காமலே உள்ளே அமர்ந்திருப்பது போன்ற கணக்கு.

கழற்றக்கூடியவற்றைக் கழற்றி, ரப்பர் ஷீட் வாங்கும் கடைத் தராசில் நிறுத்தோம். முன் பம்பர் 38 கிலோ, பின் பம்பர் 24, கேரியர் 22, ஸ்பீக்கர்ப் பெட்டிகள் 26. ஆக 110. எஞ்சிய 100 கிலோ கழற்ற முடியாதது: டீசல் எஞ்சின், இரட்டைத் தகடு, தார், பட்டி.

டீசல் எஞ்சின் ஏன் கனக்கிறது? பெட்ரோல் எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக நெருக்கித் தீப்பொறியால் எரிக்கிறது. பழைய டீசல் எஞ்சினோ காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிக்கிறது. அத்தகைய அழுத்தத்தைத் தாங்கத் தடித்த வார்ப்பிரும்பு வேண்டும். சிக்கனத்துக்கு நாம் தரும் விலை எடை.

இனி அந்தச் சரிவுக்கு வருவோம். ஒரு கிலோ ஒரு மீட்டர் இறங்கினால் 9.8 ஜூல் ஆற்றல் வெளிப்படும். 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது மிகுதியான 210 கிலோ மட்டும் இரண்டு லட்சம் ஜூலுக்கு மேல் தரும். வேகம் கூடாமலிருக்க அதனைப் பிரேக் வெப்பமாக்கி விழுங்க வேண்டும். வெப்பம் காற்றில் கழியாவிடில் அது 10 கிலோ இரும்பை மேலும் 45 டிகிரி சூடாக்கப் போதும். முன்னரே கொதிக்கும் பிரேக்குக்கு அந்த 45 டிகிரி சிறிதன்று. பிரேக் தோற்கவில்லை, நண்பர்களே. நாம் அதனைத் தோற்கடித்தோம்.

எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும்

எடை எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். காண்டசாவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஏறத்தாழ 2.67 மீட்டர். 38 கிலோ பம்பர் முன் அச்சுக்கு 0.7 மீட்டர் முன்னே தொங்குகிறது. நெம்புகோல் விதிப்படி முன் அச்சின்மேல் கூடுவது 38 கிலோ அன்று, 48 கிலோ! பின் அச்சிலிருந்து 10 கிலோ குறைகிறது.

பின்னாலும் பம்பரும் பெட்டியும் வைத்துவிட்டால் சமமாகுமே என்று கேட்கலாம். தராசில் சமமாகும், வளைவில் ஆகாது. காவடித் தண்டின் இரு முனையிலும் பாரம் கட்டிக்கொண்டு திரும்பிப் பாருங்கள். அதே பாரத்தைத் தோளருகே கட்டித் திரும்பிப் பாருங்கள். வேறுபாடு தெற்றென விளங்கும். கேரியரின் 22 கிலோவோ எண்ணிக்கையில் சிறிது. உயரத்தில் இருப்பதால் வளைவில் காரைச் சாய்ப்பதில் பெரிது.

கூரையை வெட்டினால் எடை குறையுமா?

இந்த ஆராய்ச்சியைக் கேட்டிருந்த மாமா மகனுக்கு ஒரு யோசனை தோன்றியது. “அப்படியானா கூரைய வெட்டிருவோம். எடையும் குறையும், கல்யாணத்துக்கு ஓபன் காராவும் ஆவும்” என்றான். பலரும் ஏமாறும் இடம் இதுவே.

கார்களின் உடலமைப்பு இருவகை. ஒன்று, ஏணிபோன்ற இரும்புச் சட்டத்தின்மேல் உடலைத் தனியே ஏற்றுவது. ஜீப் அவ்வகை, சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அவ்வகை. அங்கே பாரம் தாங்குவது சட்டம். ஆகவே ஹெரால்டை மூடிய காராகவும் திறந்த காராகவும் எளிதில் செய்ய முடிந்தது. மற்றொன்று, தனிச் சட்டம் இன்றித் தளம், தூண், கூரை எல்லாம் ஒன்றாய் நின்று தாங்குவது. அம்பாசிடரும் காண்டசாவும் இவ்வகை. தீப்பெட்டியின் உறையை முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. மேற்பக்கத்தை வெட்டிவிட்டு முறுக்குங்கள், காகிதமாய் வளையும்.

ஆகவே கூரையை எடுத்தவர் தளத்திலும் கதவடியிலும் தடித்த பெட்டி இரும்பைச் சேர்த்தே ஆக வேண்டும். 1965ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் இதற்குச் சான்று. கூரை திறக்கும் மஸ்டாங், கூரையுள்ள மஸ்டாங்கைவிட ஏறத்தாழ 80 கிலோ மிகுதி! வெட்டினால் கூடும், இதுவே விந்தை. வலுவூட்டாமல் வெட்டினாலோ எடை குறையும், உயிருக்குக் காவலும் குறையும். 1963இல் பாண்டியாக் நிறுவனம் பந்தயத்துக்காகச் சில கார்களின் சட்டத்தில் துளைகள் இட்டு எடையைக் குறைத்தது. அவை சிறு தூரம் பாய்வதற்கென்றே செய்தவை. மாமியை ஏற்றிச் சந்தைக்குப் போக அல்ல.

சட்டமும் இங்கே அறிவின் பக்கமே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. எஞ்சின் மாற்றினாலும் முறைப்படி அனுமதி பெற்றுப் பதிவு செய்தல் வேண்டும்.

முடிவுரை

மாமா இரண்டு பம்பரையும் கேரியரையும் பெட்டிகளையும் கழற்றினார். பிரேக் லைனிங் புதிதாயிற்று. எஞ்சின் மாற்றத்துக்கு உரிய தாள்களும் எழுதப்பட்டன. மீண்டும் எடைமேடையில் 110 கிலோ குறைந்தது. இப்போது அதே சரிவில் இரண்டாம் கியரில் இறங்குகிறோம். மாமியும் முன்போல் பேசிக்கொண்டே வருகிறாள். கூரை கூரையாகவே இருக்கிறது.

தோழர்களே, பலம் என்பது சேர்ப்பதால் மட்டும் வருவதன்று. வேண்டாததைக் கழிப்பதாலும் வரும். ஆனால் எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கலாகாது என்று அறிவதற்கு நிறுத்துப் பார்க்கும் அறிவு வேண்டும். ஊகம் வேண்டாம், தராசு வேண்டும்.

பயிற்சி

1. 24 கிலோ பின் பம்பர், பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னே உள்ளது. இரண்டு அச்சுகளிலும் நிகழும் மாற்றத்தைக் கணக்கிடுக.

2. விடுமுறையில் உங்கள் வீட்டு வண்டியை எடைமேடையில் நிறுத்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணங்களைப் பட்டியலிடுக.