"வளர வளர தானா எறங்கிடும்" என்று விடலாமா?

ஆண் குழந்தை பிறந்ததும் கை விரல், கால் விரல் எல்லாம் எண்ணிப் பார்க்கிறோம். விதைப்பையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதைத் தாய் கண்டாலும் சொல்ல வாய் வராது. சொன்னால் கிடைக்கும் பதில், "வளர வளர தானா எறங்கிடும் புள்ள."

சொல்லத் தமிழில் வார்த்தை இல்லாமலில்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் 1848இல் வைத்தியப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். உடற்கூற்று நூலான 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் தமிழில் வந்தது. அவர் பெயரில் மானிப்பாயில் வைத்தியசாலையும் இருக்கிறது. நாம்தான் இன்னும் 'அந்த இடம்' என்கிறோம். இங்கே பெயர் சொல்லியே பேசுவோம்.

விதைகள் முதலில் உருவாவது குழந்தையின் வயிற்றுக்குள். பிரசவத்துக்கு முந்திய மாதங்களில் கவட்டு வழியாகப் பைக்குள் இறங்கும். நிறைமாதத்தில் பிறக்கும் நூறு ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய மூவருக்கு ஒன்றோ இரண்டுமோ இறங்காமல் நிற்கும். குறைமாதப் பிள்ளைகளில் இது இன்னும் அதிகம். பாட்டி சொல்வது பாதி சரி. பலருக்கு ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு இறங்குவது அபூர்வம்.

மலைநாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிருக்கு நல்ல விதையும் மேலே ஏறிக்கொள்ளும். ஆகவே விடியற்காலையில் பார்த்துப் பயந்துவிடாதீங்க. சுடுதண்ணீரில் குளிப்பாட்டியதும் உங்கள் கையைச் சூடாக்கி மெல்லத் தொட்டுப் பாருங்க. மொச்சைக்கொட்டை போல இரண்டு தட்டுப்பட வேண்டும். பிறந்தபோதே இரண்டும் தட்டுப்படாவிட்டால் ஆறு மாதம் காத்திராமல் உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும். கவட்டில் திடீரென வீங்கிப் பிள்ளை வீரிட்டு அழுதால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

பையின் சூடு உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குறைவு. உள்ளே தங்கிய விதை சூட்டில் கெட்டு, பிற்காலத்தில் பிள்ளைப்பேறு குறையலாம். புற்றுநோய்க்கும் இடமுண்டு. சுவீடனில் சத்திர சிகிச்சை செய்துகொண்ட ஏறக்குறைய 17,000 பேரைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளியானது. 13 வயதுக்கு முன் செய்தவர்களுக்கு மற்ற ஆண்களைவிட இரண்டு மடங்கு ஆபத்து. அதற்குப் பிறகு செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல். இந்த நோயே அபூர்வமானது என்பதால் அவர்களிலும் பெரும்பாலானோருக்கு அது வரவில்லை. ஆனாலும் பிந்தினால் ஆபத்து கூடுகிறது. இப்போது டொக்டர்மார் ஆறு மாதத்துக்குப் பின், ஒன்றரை வயதுக்குள் இதைச் செய்யச் சொல்கிறார்கள். பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையில் இதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. ஒரு நாள் பேர் போகும்தான்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. சின்ன வயதில் சத்திர சிகிச்சை செய்திருந்தாலும் 15 வயதிலிருந்து மாதம் ஒருமுறை குளிக்கும்போது தடவிப் பாருங்க. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் 15க்கும் 40க்கும் இடையில்தான் வரும். கட்டி அநேகமாக வலிக்காது. வலிக்காததால்தான் விட்டுவிடுகிறோம். நேரத்தோடு கண்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் குணமாகும். ஒரு விதையை எடுத்தாலும் மற்றது நன்றாயிருந்தால் கல்யாணம், பிள்ளைகுட்டி எதற்கும் தடையில்லை. சந்தேகம் வந்தால் தோட்டத்து டொக்டரிடம் கடிதம் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையின் காட்டை நீட்டும்போது மிட்வைஃபிடம் இப்படிச் சொல்லுங்க: "மிஸ்ஸி, மகனுக்கு ஒரு பக்க விதை எறங்கல்ல."