நாத்திகம், சமயச்சார்பின்மை: சமணர் நிற்கும் இடம்

சித்தன்னவாசலுக்குச் சென்று வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த அனுபவம் புதிதாயிராது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அக்குன்றின் அறிவர் கோயிலில் நாங்கள் வணங்கி நின்றபோது, மாணவர்களை அழைத்து வந்திருந்த ஆசிரியர் ஒருவர், "இக்கோயிலைக் குடைந்தவர்கள் சமணர்கள், கடவுள் இல்லை என்ற அக்காலத்து நாத்திகர்கள்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் இகழ்ந்து கூறவில்லை. சற்றுப் பெருமையாகவே கூறினார். எங்களுடன் வந்திருந்த பதின்மூன்று வயதுப் பெயர்த்தி என் மேல்துண்டைப் பற்றி இழுத்து, "தாத்தா, நாம் நாத்திகர்களா? அப்படியானால் உள்ளே அமர்ந்திருப்பவர் யார்?" என்று கேட்டாள். அன்று நான் அவளுக்குச் சொன்ன விடை எனக்கே நிறைவாயில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாத்திகன் என்ற சொல்லுக்கு ஒரே பொருள் என்றும் இருந்ததில்லை. மனுநூல் வேதத்தை இகழ்பவனை நாத்திகன் என்கிறது. அவ்வளவுகோலின்படி வேத வேள்வியில் உயிர்க்கொலையை மறுத்த நாம் நாத்திகரே. அதை மறைக்க வேண்டியதில்லை. பாணினியின் சூத்திரத்துக்கு உரை கண்டவர்களோ மறுமை இல்லை என்பவனையே அச்சொல்லால் குறித்தனர். இவ்வளவுகோலில் உயிரும் வினையும் மறுபிறப்பும் வீடுபேறும் உண்டென்னும் சமணர் ஆத்திகராவர். ஹரிபத்திர சூரி தம் ஷட்தரிசன சமுச்சயத்தில் ஜைனத்தை ஆத்திக மதங்களுள் வைத்து, உலகாயதத்தைத் தனியே பிரித்ததும் இதனாலேயே. கடவுளை ஏற்காதவர் என்ற மூன்றாம் பொருளே இக்காலப் பொதுவாழ்வில் வழங்குவது. உலகைப் படைத்துக் காத்து அழிக்கும் இறைவன் ஒருவன் உண்டா என்றால், இல்லை என்றே நம் ஆகமங்கள் கூறும். வினையை வென்று முற்றறிவு எய்திய அருகனை வணங்குகிறோமே என்றால், வரம் கேட்டு வணங்கவில்லை. அவர் குணங்கள் நமக்கும் வாய்க்க வேண்டும் என்றே வணங்குகிறோம். பெயர்த்தியின் இரண்டாம் கேள்விக்கு விடை இதுதான். நடைமுறையில் நம்மிற் பலர் தேர்வுக்கும் திருமணத்துக்கும் வேண்டிக்கொள்கிறோம் என்பது வேறு செய்தி!

நம் முன்னோர் நாத்திகரோடு எவ்வாறு பழகினர் என்பதற்கு நீலகேசி நல்ல சான்று. பத்துச் சருக்கங்கள் கொண்ட அந்நூலில் நீலகேசி புத்தரோடும் ஆசீவகரோடும் வேதவாதியோடும் வாதிடுகிறாள். இறுதிச் சருக்கத்தில் அவள் எதிர்கொள்வது பூதவாதியை. ஐம்பூதங்களின் கூட்டமே அறிவு, உடல் அழிந்தால் எல்லாம் அழிந்தது என்னும் கொள்கையினன் அவன். அவன் வாயை அடைக்கவோ ஊரைவிட்டு விரட்டவோ அவள் எவரையும் ஏவவில்லை. அவன் வாதத்தை முழுவதும் சொல்லவிட்டு, காரணங்காட்டி மறுக்கிறாள். வாமன முனிவரின் சமய திவாகர உரையோடு 1936-இல் அதனைப் பதிப்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாருக்கு நாம் பெரிதும் கடன்பட்டுள்ளோம். படைப்போனை மறுப்பதில் பூதவாதியோடு ஓரளவு உடன்பட்டு, உயிரையும் வினையையும் மறுப்பதில் அவனோடு முழுவதும் மாறுபடுகிறோம். பள்ளிச் சிறுவர்க்கு இதை ஒரு சொல்லில் அடக்கிக் கூற அந்த ஆசிரியரால் இயலாமற் போனதில் வியப்பில்லை.

இனி அரசின் பக்கம் வருவோம். புதுக்கோட்டையே இதற்குத் தக்க பாடம். தொண்டைமான் மன்னர்கள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் அடிமையாக நின்று ஆள்வதாகக் கருதி, 'பிரகதாம்பாதாஸ்' என்னும் பட்டத்தைத் தாங்கினர். 'அம்மன் காசு' என்ற சிறு செப்புக் காசின் ஒரு புறம் அம்மன் அமர்ந்திருப்பாள். நவராத்திரியில் அரிசியோடு அக்காசும் வழங்கப்பட்டது. மன்னனின் சமயமே நாட்டின் சமயம் என்ற அவ்வமைப்பு 3-3-1948 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபோது முடிவுற்றது. அம்மன்னர்கள் பிற சமயத்தாரைத் துன்புறுத்தினர் என்று சொல்ல நான் வரவில்லை. ஆயினும் ஆள்வோர் ஆதரவு மாறும்போது வழிபாட்டிடத்தின் நிலையும் மாறும் என்பதை நார்த்தாமலையிற் காணலாம். மேலமலையிலுள்ள குடைவரை ஒன்றுக்கு மக்கள் நாவில் இன்றும் சமணர் குடகு என்றே பெயர்; உள்ளே பன்னிரு திருமால் உருவங்கள் நிற்கின்றன.

இணைப்புக்கு ஒன்றரை ஆண்டுக்குப் பின், 17-10-1949 அன்று, அரசியல் நிருணய சபையில் எச். வி. காமத் அரசியலமைப்பின் முகப்புரை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டுமெனத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68, திருத்தம் தோற்றது. தோற்கடித்தவர்களுள் இறைநம்பிக்கை மிக்கவரும் இருந்தனர். நம்பாதவன் மீது கடவுளைச் சுமத்தலாகாது என்பதே அவர்கள் கருத்து. அத்திருத்தம் வென்றிருந்தால், படைப்போனை ஏற்காத ஜைனனும் பௌத்தனும் தம் நாட்டின் சட்டத்தையே மனத்தில் ஒரு நெருடலோடு வாசித்திருப்பர். மூன்றாம் அட்டவணையில் அமைச்சர்க்குரிய உறுதிமொழியும் இருவகையாக உள்ளது: கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அன்றி உளமார உறுதி கூறலாம். தமிழகத்தில் திராவிட இயக்கத்தார் பலர் இரண்டாவதைத் தேர்ந்தனர். நம்மவர் ஒருவர் அப்பொறுப்புக்கு வந்தால் அவருக்கும் கொள்கைப்படி பொருந்துவது அதுவே. நாத்திகர்க்கெனத் திறந்த வாயில் நமக்கும் திறந்திருக்கிறது. 'சமயச்சார்பற்ற' என்ற சொல் 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் முகப்புரையில் சேர்ந்தது. அதற்கான ஏற்பாடு 25 முதல் 28 வரையிலான பிரிவுகளில் முன்பே இருந்தது.

சமயச்சார்பின்மை நமக்கு எப்போதும் இனிக்கும் என்று எண்ண வேண்டாம். அறிவர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள நினைவுச்சின்னம். அங்கே நாம் அபிடேகமோ தீப ஆராதனையோ செய்ய இயலாது. இது நம்மவர் சிலர்க்கு மனக்குறை. எனக்கும் முன்பு இருந்தது. விதானத்தில் தாமரைப் பொய்கை ஓவியத்தின் எஞ்சிய பகுதியைக் கண்ட பின் அக்குறை நீங்கியது; எண்ணெய்ப் புகையில் அது எத்தனை ஆண்டு தாங்கும்?

இதனினும் கடினமான கேள்வி அதே குன்றின் மேல், ஏழடிப்பட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள வழவழப்பான 17 கற்படுக்கைகளுள் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. துறவியர் தவமியற்றியும் சல்லேகனை ஏற்றும் உடல் நீத்த இடம் அது என்பர். திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைக் கல்வெட்டே கூறுகிறது. இந்நோன்பைத்தான் 10-8-2015 அன்று இராஜஸ்தான் உயர் நீதிமன்றம், சமயத்தின் இன்றியமையாக் கூறென்று மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறித் தற்கொலைக் குற்றத்தோடு சேர்த்தது. அதே மாதம் 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய பிரிவு இடம்பெறவில்லை. தூண்டுதல் குற்றமாகவே தொடர்கிறது.

அத்தீர்ப்பைக் கேட்டு நம்மவர் கொதித்தெழுந்தது இயல்பே. ஆனால் நம் வாதத்தை நம்பிக்கை என்ற ஒரே தூணில் நிறுத்துவது போதாது. வேறொரு சமயத்தான் தன் நம்பிக்கை எனக் கூறி உயிர்ப்பலி இட்டால் நாமே நீதிமன்றத்தை நாடுவோமே. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் தரும் இலக்கணமே நமக்குக் காப்பு: விலக்கவொண்ணா இடையூறு, பஞ்சம், முதுமை, தீரா நோய் ஆகியவை நேர்ந்தபோதே இந்நோன்பு, வாழ ஆசைப்படுவது போலவே சாக ஆசைப்படுவதும் இதற்குக் குற்றம். தற்கொலை செய்பவன் சாவை விரும்புகிறான். அவ்விருப்பத்தையே நோன்பின் பழுதாக எண்ணுகிறது நம் நூல். இவ்வேறுபாட்டை எச்சமயமும் சாராத நீதிபதியும் எடைபோட இயலும். மறுபுறம், முதியோர் ஒருவர் தாமே விரும்பி ஏற்றாரா, குடும்பத்தாரின் புகழாசைக்கு இணங்கினாரா என்று அரசு கேட்டால் அக்கேள்வி நம்மைப் பகைப்பதன்று. ஆசாரியர் இசைவின்றி நோன்பு தொடங்கலாகாது என்ற நம் மரபு கேட்பதும் அதையே.

பெயர்த்தியிடம் இவ்வளவையும் அன்று சொல்ல முடியவில்லை. ஏழடிப்பட்டத்தின் குறுகிய படிகளில் கம்பியைப் பிடித்து இறங்கும்போது, "அந்தக் கல்லில் படுத்தவர்களை யாரும் கட்டாயப்படுத்தினார்களா, தாத்தா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "எப்படித் தெரியும்?" என்றாள். அதற்கும் நான் நூலைத்தான் தேட வேண்டியிருந்தது.