படத்தை முழு அளவில் அச்சிடுதல்

பஞ்சாயத்தின் சார்பில் ஒரு கட்டடம் எழுப்ப வேண்டுமானாலும், ஒரு விவசாயி தம் நிலத்தின் எல்லையை அறிய வேண்டுமானாலும், முதலில் நம் கைக்கு வருவது ஒரு வரைபடம். இக்காலத்தில் அப்படம் கணினியில் வரையப்பட்டு, கோப்பாக நம்மை வந்து அடைகிறது. அதைக் காகிதத்தில் அச்சிட்டுப் பெறுவது எளிய வேலை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அச்சிடும்போது படம் சிறிது சுருங்கிவிட்டால், அதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. இதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

அளவு விகிதம் என்பது என்ன?

நூறு மீட்டர் நீளமுள்ள வயலை உள்ளபடியே காகிதத்தில் வரைய இயலாது. ஆகவே அதைக் குறுக்கி வரைகிறோம். படத்தில் 1:1000 என்று எழுதியிருந்தால், காகிதத்தில் உள்ள 1 சென்டிமீட்டர் நிலத்தில் 10 மீட்டரைக் குறிக்கும். கட்டடப் படங்களில் 1:100, 1:50 போன்ற விகிதங்களைக் காணலாம். 1:100 என்றால் 1 சென்டிமீட்டர் 1 மீட்டருக்குச் சமம்.

இந்த விகிதம் ஒரு நிபந்தனையின் பேரில்தான் உண்மையாகும். படம் எந்த அளவுத் தாளுக்கு அமைக்கப்பட்டதோ, அந்த அளவில் குறையாமல் அச்சாகியிருக்க வேண்டும். படம் சுருங்கினாலும் அதன் மூலையில் எழுதப்பட்ட ‘1:1000’ என்ற எழுத்து மாறுவதில்லை. அதை நம்பி அளப்பவர் ஏமாந்து போகிறார்.

முற்காலத்தில் படிகள் எடுக்கப்பட்ட முறை வேறு. 1842-ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி நீலப்படி எடுக்கும் முறையைக் கண்டார். ரசாயனம் பூசிய தாளின்மேல் மூலப்படத்தை நேராக வைத்து வெயிலில் காட்டிப் படி எடுத்தனர். படத்தின்மேல் தாள் ஒட்டியே இருந்தமையால் அளவு பெரிதும் மாறவில்லை. இன்றைய அச்சுப்பொறியோ, சொன்ன தாளுக்குத் தக்கபடி படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் வல்லது. இந்த வசதியே கவனமில்லாதவருக்குத் தீமையாக முடிகிறது.

தாள்களின் கணக்கு

ஏ0 தாள் 841 மில்லிமீட்டர் அகலமும் 1189 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அதன் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அதை இரண்டாக மடித்தால் ஏ1 (594 × 841). அதை மடித்தால் ஏ2 (420 × 594). அடுத்தது ஏ3 (297 × 420). கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ4 (210 × 297) அதற்கும் அடுத்தது.

ஏ1 தாளுக்கு வரைந்த படத்தை ஏ3 தாளில் அடக்கினால் ஒவ்வொரு கோடும் சரிபாதியாகிறது. ஏ3 படத்தை ஏ4 தாளில் அடக்கினால் கோடுகள் 100-க்கு 71 பங்காகக் குறைகின்றன. இத்தகைய பெரிய மாறுதல் பழகியவர் கண்ணில் பட்டுவிடும். சிறிய மாறுதலே ஆபத்தானது. பல அச்சுப்பொறிகள் தாளின் ஓரம்வரை அச்சிடுவதில்லை. ஆதலால் ஏ4 படத்தை ஏ4 தாளிலேயே அச்சிட்டபோதிலும், ஓரம் விடுவதற்காகப் படம் நூற்றுக்குச் சில பங்கு குறைந்துவிடக்கூடும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

விளையும் நஷ்டம்

நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் உள்ள ஒரு ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். 1:1000 விகிதமுள்ள புலப்படத்தில் அதன் ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். படம் 94 சதவீதமாகச் சுருங்கி அச்சானால் பக்கம் 9.4 சென்டிமீட்டர்தான். அளவுகோல் வைத்துப் பார்க்கும் விவசாயி 94 மீட்டர் என்று கொள்வார். பரப்பைக் கணக்கிட்டால் 88.36 ஏர்ஸ் வரும். நீளத்தில் 6 சதவீதம் குறைந்தது, பரப்பில் 11 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. அதாவது ஏறக்குறைய 29 சென்ட் நிலம் காகிதத்தில் மறைந்துபோயிற்று. அண்டை நிலத்தார் வரப்பைத் தள்ளிவிட்டார் என்று ஐயுறவும், அதனால் வழக்கு எழவும் இது போதாதா?

கட்டடத்திலும் அவ்வாறே. ஒரு மீட்டர் அகலமுள்ள வாசற்படியை, சுருங்கிய படத்தை அளந்து 94 சென்டிமீட்டராக விட்டுவிட்டால், ஒரு மீட்டருக்குச் செய்து வந்த நிலை அதில் நுழையாது. எழுப்பிய சுவரை இடிக்க வேண்டியதுதான். கூலியும் சிமெண்டும் வீணாகும். அது ஊரார் பணம் என்பதை மறக்கலாகாது.

அச்சிடுமுன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, படம் வரைந்தவரிடமிருந்து பி.டி.எஃப். கோப்பைப் பெற வேண்டும். வரைந்த மூலக்கோப்பை வேறு கணினியில் திறந்தால் எழுத்துக்களும் கோடுகளின் தடிப்பும் மாறக்கூடும். கைப்பேசியில் எடுத்த புகைப்படத்தையோ, திரையைப் பிடித்த படத்தையோ ஏற்கக் கூடாது. அவற்றில் அளவுக்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவதாக, அப்படம் எந்தத் தாளுக்கு உரியது, விகிதம் யாது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, அச்சிடும் கடையில், “தாளுக்குத் தக்கபடி சுருக்க வேண்டாம், நூறு சதவீதம் அச்சிடுங்கள்” என்று தெளிவாகக் கூற வேண்டும். கணினித் திரையில் ‘ஃபிட்’ என்று இருப்பதை விலக்கி, ‘ஆக்சுவல் சைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். ஏ1, ஏ0 படங்களுக்குச் சுருள்தாளில் அச்சிடும் பெரிய பொறி உள்ள கடைக்குச் செல்ல வேண்டும். 24 அங்குலச் சுருளில் ஏ1 படமும், 36 அங்குலச் சுருளில் ஏ0 படமும் அடங்கும்.

தச்சருக்கும் இரும்பு வேலை செய்பவருக்கும் சில வேளைகளில் 1:1 என்னும் உள்ளபடியான அளவிலேயே படம் தேவைப்படும். வளைவான கதவுத் தலைப்பு இதற்கு உதாரணம். சுருள்தாள் நீளமாக ஓடுவதால், 1.2 மீட்டர் அகலமுள்ள வளைவையும் நீளவாக்கில் முழுமையாக அச்சிடலாம். அதை மரத்தின்மேல் ஒட்டி அறுக்கலாம்.

அச்சிட்ட பின் சோதனை

கடையை விட்டு வெளியேறுமுன் அளவுகோலால் சோதிப்பது நம் கடமை. படத்தில் நீளம் எழுதப்பட்ட ஒரு கோட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1:1000 படத்தில் 50 மீட்டர் என்று எழுதிய கோடு சரியாக 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 4.7 இருந்தால் படம் சுருங்கிவிட்டது. மீண்டும் அச்சிடச் சொல்ல வேண்டும். ஒரு கோட்டோடு நில்லாமல், நெடுக்கில் ஒன்றும் குறுக்கில் ஒன்றும் அளப்பது நன்று.

சில படங்களில் மீட்டர் குறித்த அளவுக்கோடு ஒன்று வரைந்திருக்கும். படம் சுருங்கினால் அக்கோடும் உடன் சுருங்கும். ஆகவே விகித எண் பொய்த்தாலும் அளவுக்கோடு பொய்ப்பதில்லை. படம் வரையச் சொல்லும்போதே அளவுக்கோடு ஒன்றை இடும்படி பஞ்சாயத்தார் கேட்டுக்கொள்வது சிறந்தது.

யாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று உண்டு. எழுதிய அளவு இருக்கும்போது, காகிதத்தை அளந்து வேலை செய்யலாகாது. எழுதிய எண்ணே பிரமாணம். எண் விடுபட்டிருந்தால் பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். நில எல்லையில் சந்தேகம் எழுந்தால், காகிதத்தை வைத்து அண்டை வீட்டாரோடு வாதிடாமல், சர்வேயர் மூலம் நிலத்தையே அளந்து பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் நல்ல அளவுகோல் ஒன்றை வைத்திருப்போமாக. வரும் படங்களை அளந்து சரிபார்த்து, ‘அளவு சரி’ என்று தேதியுடன் குறித்த பின்னரே மேஸ்திரியிடம் கொடுப்போமாக. ஐந்து நிமிடம் பிடிக்கும் இவ்வழக்கம் ஊரின் பணத்தையும் அண்டை அயலாரின் நட்பையும் காக்கும்.