பழைய சைக்கிளின் பிரேக்

பழைய ரேஸ் சைக்கிளின் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால், லீவரை இன்னும் பலமாக அழுத்துகிறோம். ஆனால் குறை பெரும்பாலும் நம் கையில் இல்லை. பிரேக் கட்டையில் இருக்கிறது. நாளாக ஆக ரப்பர் கெட்டியாகிப் பளபளத்துவிடும், உராய்வு குறையும். ஆகவே முதலில் புதுக் கட்டைகள் போடுவோம். ரிம்மைச் சோப்பு நீரால் கழுவுவோம். (அண்ணன்மார் செயினுக்கு விடும் எண்ணெய் அங்கேயும் சொட்டியிருக்கும்!) துருப்பிடித்த ஒயரும் உறைக்குள் உரசி, நாம் கொடுக்கும் விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதையும் மாற்றுவது நலம்.

குரோமியம் பூசிய எஃகு ரிம்தான் மழையில் பொல்லாதது. நனைந்தால் கட்டை வழுக்கும். சைக்கிள் நிற்க வெகுதூரம் ஓடும். ஈரத்தில் அலுமினிய ரிம் எவ்வளவோ மேல். அதை வாங்க வசதியில்லையெனில், சற்று முன்னதாகவே பிரேக்கை மெல்லத் தொட்டு நீரைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்துவோம்.